சமைக்கத் தெரியாத நெமிலியக்கா

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. நகைக்காகவோ மாப்பிள்ளையின் குணத்துக்காகவோ இல்லை, எங்கள் வீட்டுச் சமையல்காரிக்காக. என்னைக் கொடுக்க அம்மா எப்போதோ தயாராகிவிட்டாள். சமையல்காரியைக் கொடுக்கத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். அத்தா, என் அப்பா, தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தார். பச்சைத் தோல் வண்டி வண்டியாக வந்து, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடந்து, பதமாகி மெட்ராஸ் போய்க் கப்பலேறும். ஊரே அந்த வாடையில்தான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டால்தான் அப்படி ஒன்று இருப்பது எங்களுக்கு நினைவு வரும். ஷாப்பில் அத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவர் என்று அத்தாவுக்கு ஊரில் நல்ல பேர். வீட்டில் ஒரே ஒரு வேலைக்காரியை அவரால் மேய்க்க முடியவில்லை என்பதை மட்டும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. வெளியே போனால் திரை கட்டிய ஜட்காவில்தான் போவோம், அதுவும் கல்யாணம், மையத்து விழுந்த வீடு, பிள்ளைப்பேறு என்று ஏதாவது இருந்தால்தான். ஆகவே வீட்டோடு தங்கியிருக்கிற வேலைக்காரி எங்களுக்கு வெறும் கையும் காலும் மட்டும் இல்லை, கண்ணும் காதும் அவளேதான். கறிக்கடையில் எந்த ஆடு அறுத்தார்கள், எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், எதிர்வீட்டில் ஏன் திடீரென்று வெள்ளையடிக்கிறார்கள், எல்லாம் அவள் கொண்டுவந்தால்தான் உண்டு. ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் என்றால் எங்களுக்கு உலகமே இருண்டுபோகும்.

ஷாப்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவர் ஷாப்பில் நல்ல மேஸ்திரி இருந்தால் ஆளைக் கலைத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். அதற்குப் பேர் வியாபாரம். அதையே அவர்களுடைய பெண்டாட்டிகள் சமையல்காரி விஷயத்தில் செய்தால் துரோகம். அத்தாவின் தங்கை, எங்கள் குப்பி, பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேமியா சாப்பிட்டுவிட்டு, போகும்போது அதைச் செய்தவளையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். போதாததற்கு, மறுவாரம் அந்தச் சமையல்காரி கையாலேயே ஹல்வா கிளறவைத்து எங்களுக்கு ஒரு தட்டு அனுப்பினாள். அம்மா அந்த ஹல்வாவை அழுதுகொண்டே தின்றாள். ஹல்வா நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவள்தான் நெமிலியக்கா. நெமிலிப் பக்கத்து விதவை. ஒரு தகரப் பெட்டியும் ஒரு சுளகுமாக வந்து நின்றாள். ஆள் எடுப்பது தன் வேலை என்று அத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஷாப்பில் புது ஆளை அவர் கையைப் பார்த்துத்தான் எடுப்பார். அந்தப் பழக்கத்தில், "கையக் காட்டு" என்றார்.

நெமிலியக்கா இரண்டு கையையும் நீட்டினாள். "தொ, கை கீது. வாயத் தொறந்து பல்லயும் காட்டட்டுமா?" என்றாள்.

அத்தா எழுந்து தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நேரம் ஆகவில்லை.

பிறகு அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். நேராகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்துத் துப்பினாள். "இந்தத் தண்ணில பருப்பு வேவாதும்மா. ஷாப்புத் தண்ணி எறங்கிக்கீது. சமையலுக்குப் பாலாத்து ஊத்துத் தண்ணி வரணும்" என்றாள். வரும் என்று அம்மா சொன்னாள். "விருந்தாளிங்க ஜாஸ்தியா?" என்றாள். "யாரு வரப் போறாங்க எங்க வூட்டுக்கு?" என்று அம்மா கூசாமல் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமையே பத்துப் பன்னிரண்டு பேர் வருவதாக இருந்தார்கள். விறகு காய்ந்ததா, அம்மி கொத்தி எத்தனை நாளாயிற்று, வீட்டு அய்யாவுக்குக் கோபம் வந்தால் தட்டைத் தள்ளுவாரா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஏதோ எங்களுக்காகப் போனால் போகிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

அத்தாவுக்கு அந்த முதல் நாள் தோல்வி உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். வீட்டிலும் ஷாப் மாதிரி ஓர் ஒழுங்கு வேண்டும் என்று சொல்லி, ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து சமையற்கட்டு வாசலில் மாட்டினார். மணி அடித்தால் அவள் எந்த வேலையையும் போட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு நாள் அவர் அடித்தார், அவள் வந்தாள். மூன்றாம் நாளிலிருந்து சோறு இறக்கியதும் அவளே மணியை அடித்தாள், அத்தா எழுந்து வந்தார். கொஞ்ச நாளில் அந்த மணிச் சத்தம் கேட்டாலே வாயைத் துடைத்துக்கொண்டு நடக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. சட்டம் யாருக்குப் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவின் நிர்வாகம் வேறு மாதிரி. வேலைக்காரிக்கு மூஞ்சி கொடுக்கக் கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்வாள். விருந்தாளி எதிரில், "இன்னாடி, தண்ணி எடுத்தார எவ்ளோ நேரம்?" என்று அதட்டுவாள். விருந்தாளி படி இறங்கியதும், "அக்கா, கோச்சிக்கினீங்களா? அவங்க எதிர்ல அப்பிடிப் பேசலன்னா நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?" என்று பின்னாலேயே போவாள். வெள்ளிக்கிழமை யாரையாவது அழைக்க வேண்டுமென்றால் அத்தாவிடம் சொல்லாமல்கூட அழைப்பாள், நெமிலியக்காவிடம் கேட்காமல் அழைக்க மாட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆளை ஒளித்துவைக்க வேண்டும். குப்பி கற்றுக்கொடுத்த பாடம் அது. பெண்கள் விருந்துக்கு வந்தால் நெமிலியக்கா சட்டி எல்லாம் இறக்கி வைத்துவிட்டு விறகு அறைக்குள் போய்விட வேண்டும். எல்லோரும் தின்று போன பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு. வந்தவர்கள் கறியும் பருப்பும் புளியும் சேர்ந்த தால்சாவை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "யாரு கை?" என்று கேட்பார்கள். "நான்தான் ஏதோ பண்ணேன்" என்று அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள், அடுப்படியில் வெந்தவள் மாதிரி. கேட்டவர்களும் நம்பின மாதிரி இருப்பார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டு விறகு அறையிலும் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஊரில் நாணயமான குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் ஒன்றை ஒன்று மதித்து நடந்துகொண்டன.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயது வந்ததும் அம்மா அந்தப் பெருமையைத் தாராளமாக என் பேருக்கு மாற்றிவிட்டாள். "எல்லாம் எங்க பொண்ணு கைதான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்கோ அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாது. சமையற்கட்டில் கால் வைத்தாலே, "பாப்பா, கால்ல மாட்டிக்காத, அப்பால போ" என்று நெமிலியக்கா விரட்டுவாள். புகை பட்டால் நிறம் மங்கிவிடும் என்று அம்மாவும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

மேல்விஷாரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவர்களும் தோல் வியாபாரம்தான். முதலில் தட்டில் பலகாரம் வைத்து வேலைக்காரியை அனுப்பி, அந்த வீடு எப்படி என்று பார்த்துவரச் சொல்வது வழக்கம். நெமிலியக்கா பஸ்ஸில் போய்விட்டு வந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாப்ள எப்பிடிக்கா கீறாரு?" என்று அம்மா கேட்டாள்.

"அவரப் பாக்கலம்மா. அம்மி நல்லா கீது. கெணத்துத் தண்ணி கல்கண்டு. வெறகெல்லாம் காஞ்ச வெறகு. நல்ல எடம், முடிச்சிடுங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடம் பெயரவில்லை. என் வாழ்க்கை இப்படி ஓர் அம்மிக்கல்லை வைத்து முடிவு செய்யப்பட்டது.

அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். என் மாமியாராகப் போகிறவள் பெருத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் வெற்றிலை. சாப்பிடும்போது பேசவே இல்லை. தால்சாவை மூன்று தரம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். கை கழுவிய பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"புளி எப்ப வுட்ட?"

நான் அம்மாவைப் பார்த்தேன். "வெக்கப்படுது" என்றாள் அம்மா. விறகு அறைப் பக்கம் யாரோ இருமினார்கள்.

மாமியாருக்கு அந்த வெட்கம் பிடித்துவிட்டது. "எங்க வூட்ல சமையலுக்கு ஆளு வெக்கற பழக்கம் இல்ல. மருமவளுங்கதான். இந்தக் கை எங்க வூட்டுக்கு வரணும்" என்று அங்கேயே என் கையைப் பிடித்து ஒரு வளையலைப் போட்டுவிட்டாள். பிறகு ஒன்று சொன்னாள். கல்யாணம் ஆன அடுத்த வெள்ளிக்கிழமை புது மருமகள் முதன்முதலாக அடுப்பில் கை வைப்பாள், அன்றைக்குச் சொந்தமெல்லாம் கூடி அந்தச் சோற்றைத் தின்னும், அது அவர்கள் குடும்ப வழக்கம் என்றாள். அவர்கள் குடும்பத்தில் ஒரு மருமகள் அன்றைக்குச் சோற்றைக் குழைத்துவிட்டாளாம். அவள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் "கொழைச்சவ" என்ற பேர் போகவில்லை. இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போனதும் அம்மா எனக்குச் சமையல் கற்றுக்கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாள். நெமிலியக்கா சில நாள் முயன்றாள். நான் வெங்காயத்தைக் கருக்கினேன், புடவை முந்தானையைக் கருக்கினேன். "இந்தப் பொண்ணு பேஜாரும்மா. சமைக்கறதுக்குள்ள வூட்டக் கொளுத்திடும்" என்று அவள் கைவிட்டாள்.

மிச்சமிருந்தது ஒரே வழி. புதுப் பெண்ணோடு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெண் துணைக்குப் போய்ச் சில நாள் தங்கியிருப்பாள். அந்தத் துணையாக நெமிலியக்காவை அனுப்பிவிட்டால், அடுப்படியில் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் செய்துவிடுவாள், நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். இதை அத்தாதான் கண்டுபிடித்தார். அம்மா கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டாள்.

"அக்கா சமைக்கறது அவங்க சொந்தத்துல யாருக்காச்சும் தெரிஞ்சா, அப்பால திரும்பி வருவாங்களா? மாட்டேன், வேற எடம் பாக்கலாம்."

"உனுக்குப் பொண்ணு முக்கியமா, சமையல்காரி முக்கியமா?" என்றார் அத்தா.

அம்மா யோசித்தாள். அவள் யோசித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைசியில் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. புறப்படுகிற நாள் நெமிலியக்காவைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னாள்: "அங்க யாரு கேட்டாலும் உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொல்லிடுங்க. எம்மேல ஆணை." நெமிலியக்கா தலையாட்டினாள். அவளுக்கும் ஒரு புதுப் புடவை கிடைத்தது.

கல்யாணம் முடிந்து, ரயிலடியில் ஏறிய ஜட்கா மேல்விஷாரத்து வீட்டு வாசலில் நின்றதும் எங்கள் திட்டம் கவிழ்ந்தது. என் நாத்தனார் ஓடிவந்து முதலில் கையைப் பிடித்து இறக்கியது என்னை இல்லை, நெமிலியக்காவை. "வாங்க, வாங்க, பொண்ணு வூட்டு மனுஷி" என்று கூடத்தில் ஜமக்காளம் விரித்து, திண்டு போட்டு உட்காரவைத்தாள். பெண்ணோடு துணைக்கு வருகிறவள் பெண்ணின் வீட்டுக்கே பிரதிநிதி. அவளை ஒரு துரும்பு எடுக்கவைத்தாலும் சம்பந்தி வீட்டையே அவமானம் செய்ததாகும். இது எங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கள் சொந்தக்கார வீடுகளிலும் மருமகளோடு வந்தவர்களை இப்படித்தான் உட்காரவைப்பார்கள். ஆனால் நெமிலியக்காவும் அப்படி உட்காரக்கூடிய ஒரு மனுஷி என்பது அம்மாவுக்கும் அத்தாவுக்கும் எனக்கும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

முதல் நாள் அவள் திண்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். யாராவது தண்ணீர் கேட்டால் எழுந்திருக்கப் பார்ப்பாள், இரண்டு பேர் தோளைப் பிடித்து அமுக்குவார்கள். அடுத்த நாள் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அதற்கடுத்த நாள் காலை நீட்டிக்கொண்டு, வெற்றிலைக்குப் பாக்கு கம்மி என்று என் நாத்தனாரிடம் சொன்னாள்.

மாமியார் ஒரு தடவை பேச்சுவாக்கில் கேட்டாள், "நீங்க நல்லா சமைப்பீங்களோ?"

"அய்ய, எனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் கீதுன்னே தெரியாது" என்றாள் நெமிலியக்கா.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளைத் தனியாகப் பிடித்தேன். "அக்கா, நாளைக்கி எப்பிடியாச்சும் அடுப்படிக்கி வந்துடுங்க. இல்லன்னா எம்பேரு நாறிப்போவும்."

"நான் எப்பிடி வர்றது? எழுந்தாலே புடிச்சி உக்கார வெக்கறாங்க. சமைக்கத் தெரியாதுன்னு வேற ஆணை வாங்கிட்டாங்க உங்கம்மா. சொல்லிட்டேனே."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"நெய்ச்சோறும் தால்சாவும் போதும். கறி முன்னாடியே வெந்துடணும். உப்ப ஒரே தபா போடு, போட்டத மறந்துடாத" என்றாள்.

மறந்துவிட்டேன். மறுநாள் அடுப்படியில் என்னைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். புளியைக் கரைத்தேன், உப்பைப் போட்டேன். யாரோ என் வளையலைப் பற்றிக் கேட்டார்கள், பதில் சொன்னேன். போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி போட்டேன். சோறு அடியில் பிடித்து, மேலே அரை வேக்காடாக நின்றது. அவர்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

கூடத்தில் சஹன் வைத்தார்கள். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாக எடுத்துத் தின்பதுதான் சஹன். முதல் சஹனில் மாமியாரும் அவளுடைய அக்கா தங்கைகளும் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டு மனுஷி என்று நெமிலியக்காவை மாமியாருக்கு எதிரில் உட்காரவைத்தார்கள். தால்சாவை ஊற்றியது நான்.

முதல் வாயை விருந்தாளிதான் எடுக்க வேண்டும். எடுத்தாள். மென்றாள். அவள் முகத்தில் எதுவுமே இல்லை. அடுத்து மாமியார் எடுத்தாள். வாய்க்குள் வைத்ததும் மெல்வதை நிறுத்தினாள். அவளுடைய தங்கை ஒருத்தி மெல்லத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினாள். 'உப்புக்காரி' என்ற பேர் அந்தக் கூடத்தில் அந்த நிமிஷமே பிறந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

"உங்க பொண்ணு கை எப்பிடி கீது?" என்று மாமியார் நெமிலியக்காவைக் கேட்டாள். குரலில் ஒரு மாதிரி இருந்தது.

நெமிலியக்கா இன்னொரு பெரிய வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நிதானமாக விழுங்கிவிட்டு, "எங்க வூட்ல எப்பவும் இப்பிடித்தான் இருக்கும். எங்க வூட்டம்மா கையும் இதே கைதான். அன்னிக்கி நீங்க வந்தப்ப ஏதோ கம்மியா வுழுந்துட்டுது" என்றாள்.

அம்மா ஆயுசு முழுக்கப் பொத்திப் பொத்திச் சேர்த்த பேர் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஆனால் அது போன இடத்தில் நான் தப்பித்தேன். பிறந்த வீட்டு ருசி அப்படி என்றால் பெண்ணை என்ன சொல்ல முடியும்? அதோடு சஹனில் ஒரு மரியாதை உண்டு. விருந்தாளி கையை எடுக்கும்வரை வீட்டுக்காரர்கள் எடுக்கக் கூடாது. நெமிலியக்கா எடுக்கவே இல்லை. அவசரப்படாமல், தாம்பாளத்தின் தன் பக்கத்தை முடித்து, நடுவில் இருந்ததையும் இழுத்து, இன்னும் கொஞ்சம் தால்சா ஊற்றச் சொல்லித் தின்றாள். என் மாமியாரும் அவள் கூடப்பிறந்தவர்களும் கண்ணில் தண்ணீர் வர வாய்க்கு வாய் தின்றார்கள். அத்தனையும் தின்றுவிட்டுச் சோற்றைக் குறை சொல்வது எப்படி? யாரும் சொல்லவில்லை.

"இங்க உப்பு இவ்ளோ வேணாம்மா, மெல்ல மெல்ல நம்ம வூட்டு ருசி கத்துக்குவ" என்று மட்டும் மாமியார் சொன்னாள். எனக்கு அந்தத் தாம்பாளத்திலேயே விழுந்து அழலாம் போல இருந்தது.

எல்லோரும் எழுந்த பிறகு நெமிலியக்கா கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"எப்பிடிக்கா தின்னீங்க அத? எனுக்காக எவ்ளோ கஷ்டம் உங்களுக்கு!" என்றேன்.

"உப்பு ஜாஸ்திதான் பாப்பா, பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "ஆனா உனுக்காவ மட்டும் தின்னேன்னு நெனச்சிக்காத. சோறு சூடா இருந்துச்சு. எத்தினியோ வருசம் கழிச்சி இந்த வூட்லதான் நான் சூட்டோட சோறு தின்றேன்."